நாலாம் கட்டத்து ஆபீசர்

சத்தியமா சார். நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் ரெண்டு கண்ணும்... கண்ணு வேணாம், ஒண்ணுல ஏற்கெனவே புரை. பல்லு மேல சத்தியம் பண்ணலாம்னா அதுவும் என்னோடது இல்ல, டாக்டர் கட்டி விட்டது. சரி, இந்த டம்ளர் மேல சத்தியம். அத்தனையும் அச்சு அசலா நடந்தது. டீ ஆறுது பாருங்க, குடிங்க.

நல்லா இல்லையா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே. மழைக்கு சூடா இருக்குல்ல, அதோட விட்டுருங்க. சமையல்கட்டுல நிக்கறவன்னா தினமும் கை ஒரே மாதிரி வருமா?

அந்தப் பையை மட்டும் பெஞ்சு மேல தூக்கி வெச்சுக்குங்க சார். ஈரம்லாம் இல்ல, சும்மாதான். முக்கியமான பேப்பர்னு நீங்கதானே சொன்னீங்க.

செடி ஆராய்ச்சி பண்ற நம்ம டாக்டரம்மா நாலு மணிக்குள்ள வந்துருவாங்க. நாளைக்குச் செடி எண்ணணும், அதுக்குப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வரக் கீழ போயிருக்காங்க. ஓடையில தண்ணி ஏறிடுச்சு, ஜீப்பு அந்தக் கரையில நிக்குது. வந்ததும் உங்களை நாலாம் கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க, போட்டோ எடுப்பாங்க, நீங்க கையெழுத்துப் போடுவீங்க. மொத்தக் காட்டுக்கும் வேலி. வேலிக்குள்ள லாரி லாரியா உரம். அப்படித்தானே? அதான் அவங்க வர்றதுக்குள்ள சொல்லிரலாம்னு பாக்கறேன். வந்துட்டா என் வாய்க்குப் பூட்டு.

என்னைப் பத்தி இல்ல சார். இங்க வேலிக்காரர்னு ஒருத்தர் இருக்காரு, அவரைப் பத்தி. இன்னிக்கு இல்ல, லீவு. நான் வெறும் டீ போடறவன், காதுல விழுந்ததைச் சொல்றேன். நல்ல மனுசன் சார் அவரு. பாக்கவும் லட்சணமா இருப்பாரு. எல்லாரும் சொல்லுவாங்க.

ஆறு வருஷம் முன்னாடி டாக்டரம்மா இந்தக் காட்டுல நாலு கட்டம் கட்டினாங்க. கட்டத்துக்கு ஒரு ஏக்கர். ஒண்ணாவதுக்கு வேலி உண்டு, உரம் கிடையாது. ரெண்டாவதுக்கு ரெண்டுமே கிடையாது. மூணாவதுக்கு உரம் உண்டு, வேலி இல்ல, மானோ ஆடோ எது வேணா வந்து மேயலாம். நாலாவதுக்கு வேலியும் உண்டு உரமும் உண்டு. வருஷம் ஒருவாட்டி உள்ள போய் எத்தனை வகைச் செடி இருக்குன்னு எண்ணணும். அவ்வளவுதான் விஷயம். இதுக்கு எதுக்கு இத்தனை படிப்புன்னு வேலிக்காரரு கேட்டாரு. அவங்க கோவப்படல, சிரிச்சாங்க. நாலாவதோட முடிவை இப்பவே சொல்றேன், கேட்டுக்குங்கன்னாங்க. உரத்தைப் போட்டா, தொட்டா அரிக்குமே அந்தக் காஞ்சொறிதான் முதல்ல குடிக்கும். குடிச்சிட்டு ஆள் உசரத்துக்கு நிக்கும். அதைக் கடிக்க ஒரு வாயும் உள்ள வராது. அதுக்கடியில வெயில் விழாது. சின்னச் செடியெல்லாம் பசியில சாகறதில்ல, இருட்டுல சாகுதுங்க. நாப்பது வகை இருந்த இடத்துல கடைசியா ஒன்பது மிஞ்சினா அதிகம்னாங்க.

ஒன்பதுன்னு சொன்னதை மனசுல வெச்சுக்குங்க.

அந்தச் சத்தமா? தண்ணி மோட்டாரு. பழசு, அப்படித்தான் முட்டும்.

வேலி போட்டு முடிச்ச அன்னிக்கு டாக்டரம்மா சொன்னாங்க, உள்ள போய் மூலை முடுக்கெல்லாம் நடந்து பாருங்க, ஒரு பிராணியும் உள்ள மாட்டியிருக்கக் கூடாது, பாத்துட்டு வந்து இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்கன்னு. தூறல் போடுது. உள்ள இடுப்பளவு முள்ளு. நம்ம வேலிக்காரரு என்ன பண்ணாரு? வேலியைச் சுத்தி வெளிப்பக்கமாவே ஒரு நடை நடந்தாரு, கம்பி வழியா எட்டி எட்டிப் பாத்தாரு, வந்து கையெழுத்துப் போட்டாரு. பதினெட்டு வருஷ அனுபவம் சார், வெளியில நின்னே உள்ள இருக்கறது தெரியாதா? டாக்டரம்மா பூட்டைப் போட்டு, பூட்டு மேல ஈயத்தை உருக்கி ஊத்தி, அவங்க முத்திரையை அழுத்தினாங்க. அடுத்த வருஷம் எண்ணற சமயத்துலதான் ஒடைக்கணும். நடுவுல ஈயத்துல ஒரு கீறல் விழுந்தாலும் அந்தக் கட்டம் செல்லாது. காத்துகூட அனுமதி கேட்டுத்தான் உள்ள போகணும்கற மாதிரி வேலி.

மூணாம் நாள் உள்ள இருந்து ம்மேன்னு ஒரு குரல்.

சிரிக்காதீங்க சார். வேலிக்காரரு ஓடிப் போனாரு. கம்பி வழியாப் பாத்தா ஒரு ஆட்டுக்குட்டி. கருப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. வெளிய இருக்கற பிராணி உள்ள வரக்கூடாதுன்னு எறும்பு நொழையற சந்தெல்லாம் அடைச்சவங்க, உள்ளயே இருந்ததை விட்டுட்டாங்க. அதுவும் யாரோட குட்டி? வேலிக்காரரோட சொந்த அக்காவோடது. காட்டோரமா நாப்பது ஆடு மேய்க்கற பொம்பளை. தாய் செத்துப்போன குட்டி அது, புட்டியில பால் குடுத்து வளத்தது. எந்தப் பேப்பரைக் கண்டாலும் மூக்கை விட்டுப் பாத்து மென்னுரும்னு அதுக்கு ஆபீசர்னு பேரு வெச்சிருந்தாங்க. உங்களைச் சொல்லல சார்.

வெளிய எடுத்திருக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? எப்படி எடுக்கறது? கதவைத் தொறந்தா ஈயம் ஒடையும். மரத்துல கயிறு போட்டுத் தூக்கலாம்னா, குட்டியைப் பிடிச்சுக் கட்ட உள்ள ஒரு ஆள் வேணுமே. வேலி ஏறிக் குதிக்கலாம்னா அவருக்கு உசரம்னா தலை சுத்தும். முக்காலி மேல நின்னு பல்பு மாத்தறதுக்கே கண்ணை மூடிக்குவாரு.

அக்கா காடெல்லாம் தேடிக்கிட்டு வந்துச்சு. ஆபீசரே, ஆபீசரேன்னு கூப்பிட்டுக்கிட்டு. உண்மையைச் சொன்னா அந்தம்மா கோடாலியால வேலியைப் பொளந்துரும். தூங்கற நேரம் தவிர அரிவாள் கையை விட்டு எறங்காத பொம்பளை. அதனால வேலிக்காரரு சொன்னாரு, சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுச்சுக்கா, என் கண்ணால பாத்தேன்னு. வெறும் சிறுத்தைன்னா நம்புமா? உடம்புல நூத்திப் பன்னெண்டு புள்ளி, வால் நுனி வெள்ளை, இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடந்துச்சுன்னு சேத்துச் சொன்னாரு. அக்கா அங்கயே உக்காந்து அழுதுச்சு. அன்னையிலேருந்து சாயங்காலமானா காட்டைப் பாத்து நின்னு, நொண்டிச் சிறுத்தையே, நீ வெளங்குவியான்னு ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

இன்னொரு டம்ளர் ஊத்தட்டுமா? வேணாமா. புரியுது.

வருஷம் திரும்புச்சு. எண்ணற நாளைக்கு முந்தி நாள் காலையில முத்திரையை ஒடைச்சு, எண்ணறதுக்கு எடத்தைக் கயிறு கட்டிப் பிரிக்கறதுக்காகச் சாவியை வேலிக்காரர் கையில குடுத்தாங்க. இதுதான் சமயம்னு குட்டியைப் பிடிச்சுச் சாக்குல போட்டு வெளிய கொண்டாந்துட்டாரு. எண்ணி முடிச்சதும் அக்காகிட்ட விட்டுட்டு, சிறுத்தை மனசு மாறித் திருப்பிக் குடுத்துடுச்சுன்னு சொல்லிரலாம்னு திட்டம். அக்கா நம்பியிருக்கும் சார். அவ்வளவு நல்லாச் சொல்லுவாரு.

மறுநாள் எண்ணினாங்க. நாலாம் கட்டத்துல எத்தனை வகை இருந்துச்சுங்கறீங்க? நாப்பத்தொண்ணு.

டாக்டரம்மா நம்பல. பொண்ணுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அவங்களே மண்டி போட்டு எண்ணினாங்க. நாப்பத்தொண்ணுதான். காஞ்சொறி கணுக்கால் உசரம்தான் இருக்கு. நடுவுல பெரணி, கொடி, ஊதாப் பூவு, மஞ்சப் பூவு, பேரே இல்லாத புல்லு எல்லாம் தோள் உரசிக்கிட்டு நிக்குது. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஆராய்ச்சி ரெண்டு ஊத்திக்கிச்சு, இந்த எடத்தையே இழுத்து மூடறோம்னு மேலருந்து கடுதாசி வந்திருந்த நேரம். சேத்துக் கையோட வேலிக்காரர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. வேலின்னா இப்படிப் போடணும்னாங்க. அத்தனை வருஷத்துல அந்த மனுசனை ஒருத்தர் பாராட்டினது அதுதான் முதல்தடவை. வீட்டுல, வெளியில, எங்கயும் சேத்து.

சொல்லுங்க, அந்த நேரத்துல ஆட்டைப் பத்தி வாயத் தொறக்க முடியுமா?

முடியல. அடுத்த வருஷம் ஒன்பதுன்னு வந்தா அந்த மூஞ்சி எப்படிச் சுருங்கும்னு யோசிச்சாரு. இங்க வேலை செய்யற அஞ்சு பேரை நெனச்சாரு, அதுல முக்கியமா ஒருத்தரை நெனச்சாரு. உரத்தைத் தூவிட்டு டாக்டரம்மா பூட்டை எடுக்க ஜீப்புக்குப் போன ரெண்டு நிமிஷத்துல சாக்கு திரும்ப உள்ள போயிடுச்சு. முதல்தடவை குட்டி தானா மாட்டிக்கிட்டது. ரெண்டாவது தடவை அனுப்பி வெச்சது. முதலாவது தப்பு. ரெண்டாவதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க.

எலி சார் அது. ஆமா, எலிதான். இங்கெல்லாம் கொஞ்சம் பெருசா வளரும்.

ஆறு வருஷம் ஒரு ஆட்டை மறைக்கறது லேசுப்பட்ட காரியமா? டாக்டரம்மா ஒருநாள் வேலியோரமா நின்னப்ப உள்ள இருந்து கத்திடுச்சு. வேலிக்காரரு அசரவே இல்ல. அது ஒரு குருவிங்க, ஆடு மாதிரியே கத்தும், கூச்ச சுபாவம், கண்ணுல படாதுன்னாரு. அந்தம்மா ரெண்டு வருஷம் தொலைநோக்கியைத் தொங்க விட்டுக்கிட்டு அந்தக் குருவியைத் தேடினாங்க. தேடறப்ப வேற மூணு குருவியைக் கண்டுபிடிச்சாங்க, அது வேற கதை. இன்னொருவாட்டி உள்ள புழுக்கை கெடந்துச்சு. முயல்னாரு. முயல் சந்துல நொழையும், பரவாயில்லன்னு ஏற்கெனவே அவங்க புத்தகத்துல எழுதியிருந்தாங்க. முயல் நல்லா சாப்பிடுது போலன்னு சொல்லிட்டு, அந்தப் புழுக்கையை எடுத்துட்டுப் போய் மண்ணுல போட்டுத் தண்ணி ஊத்தினாங்க. பதினேழு வகைச் செடி மொளைச்சுது சார்! வயித்துக்குள்ள ஒரு நாத்தங்காலையே வெச்சிருக்கு அது. அந்த முயலைப் பத்தி ஒரு கட்டுரை வந்திருக்கு. படம் மட்டும் இல்ல.

மூணாவது வருஷம் வேலிக்காரருக்கு மனசாட்சி உறுத்திச்சு. இந்தத் தடவை வேணாம்னு ஆட்டை உள்ள விடல. தன் ரூம்புக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சு வளத்தாரு. ரெண்டு மாசம்தான். ஒருநாள் போய்ப் பாக்கறாரு, நாலாம் கட்டத்துல காஞ்சொறி நெஞ்சு வரைக்கும் நிக்குது. டாக்டரம்மா முதல் நாள் சொன்னாங்களே, அதே மாதிரி, எழுத்துக்கு எழுத்து. கம்பிச் சந்து வழியாக் கையை விட்டுப் பிடுங்கிப் பாத்தேன்... பாத்தாரு. கை ரெண்டும் வீங்கி, ஸ்பூன் பிடிக்க முடியல. மனுசனுக்கு ரெண்டு கை, அதுவும் அரிக்கும். ஆட்டுக்கு நாள் பூரா வாய், அரிக்கறதே இல்ல. கடைசியில சணல் சாக்குல ஆட்டைப் போட்டு, மரக்கிளையில கயித்தை வீசி, அந்தப்பக்கம் எறக்கி விட்டாரு. சாக்கு வாயைக் கட்டியிருந்துச்சே, எப்படி வெளிய வந்துச்சுன்னா கேக்கறீங்க? சாக்கைத் தின்னுட்டு வந்துச்சு.

சரி, இத்தனை நாள் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு ஏக்கர்ல ஒரு ஆடு. டாக்டரம்மாவுக்குப் பேரு, அஞ்சு பேருக்கு வேலை, ஆபீசருக்கு உரம் போட்ட சாப்பாடு. இதோட நின்னிருந்தா நான் இப்ப உங்களுக்குக் கெட்ட டீயைக் குடுத்து உக்கார வெச்சிருக்க மாட்டேன். டாக்டரம்மா புதுசா ஒரு புத்தகம் எழுதிட்டாங்க. காட்டுக்கு எதிரி மேயற வாய்தான், வேலியைப் போட்டு உரத்தைப் போட்டா காடு பூத்துக் குலுங்கும், நாலாம் கட்டமே சாட்சின்னு. உங்க ஆபீசுல அதைப் படிச்சுட்டு வரைபடத்துல காட்டைச் சுத்திச் சிவப்புக் கோடு போட்டுட்டீங்க. போன வாரம் மரத்துல பலகை அடிச்சாச்சு, அடுத்த மாசத்துலேருந்து காட்டுல ஆடு மேயக் கூடாதுன்னு.

அக்கா வந்துச்சு. வேலிக்காரர் ரூம்பு வாசல்ல நின்னுச்சு. நீ ஆபீசுல இருக்கறவன்தானே, எம் பொழப்பு போகுது, ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக் கூடாதான்னு கேட்டுச்சு. நாப்பது ஆட்டையும் வித்துட வேண்டியதுதான், வெள்ளிக்கிழமை வாங்கற ஆளு வர்றான்னுச்சு. போகும்போது திரும்பிப் பாத்து, உன்னைச் சொல்லி என்ன, அந்தச் சிறுத்தை அன்னிக்கே ஆரம்பிச்சு வெச்சுதுன்னுட்டுப் போச்சு.

இவரு ஒளிச்சு வெச்ச ஒரு ஆடு, மிச்ச நாப்பதையும் வெளிய தள்ளுது சார்.

டாக்டரம்மாகிட்டயே நேராச் சொல்லிருக்கலாம்தான். மூணு தடவை அவங்க ரூம்புக்குப் போனாரு. முதல்தடவை உக்காருங்கன்னு நாற்காலி போட்டாங்க. ரெண்டாவது தடவை உங்க முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. மூணாவது தடவை புத்தகத்துல நன்றி சொல்ற பக்கம் எழுதிக்கிட்டிருந்தாங்க, வேலிக்காரரோட கண்ணுக்குத் தப்பி ஒரு உயிர் உள்ள நொழைய முடியாதுன்னு. படிச்சுக் காட்டி, சரியா இருக்கான்னு கேட்டாங்க. சரியா இருக்குங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டாரு.

இதுல கொடுமை எது தெரியுமா? அவங்க முதல் நாள் சொன்னதுதான் சரி. உரத்தைக் கொட்டி வாயைப் பூட்டினா காஞ்சொறிதான். சரியாச் சொன்ன மனுசியை ஆறு வருஷமா, நாம சொன்னது தப்பு போலன்னு நம்ப வெச்சிருக்கு ஒரு ஆடு. மூணாம் கட்டத்தை யாருமே திரும்பிப் பாக்கல. வேலி இல்லாம, உரம் போட்டு, மானும் ஆடும் மேய்ஞ்சது. அங்கயும் முப்பத்தெட்டு வகை இருக்கு. அது வேலியில்லாத கட்டம், அதுக்கு யாரு போட்டோ எடுப்பா?

அதனால வேலிக்காரரு ஒண்ணு யோசிச்சாரு. மேலருந்து வர்ற பெரிய மனுசன் தானாக் கண்டுபிடிச்சா யாருக்கும் பழி இல்லையே. நாலு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்கல்ல, டாக்டரம்மா பூவைக் காட்டுவாங்க. நீங்க பூவைப் பாக்காதீங்க. ஷூ லேஸ் அவுந்த மாதிரிக் குத்துக்கால் போட்டு உக்காந்து புதரைப் பாருங்க. ஒரு ஆடு கழுத்தை நீட்டினா எட்டற உசரம் வரைக்கும் எல்லாப் புதரும் ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி மொட்டையா இருக்கும். அதுக்கு மேலதான் இலை. முயல் எப்பம்மா இவ்வளவு உசரமாச்சுன்னு மட்டும் கேளுங்க. அந்தம்மா புத்திசாலி, மிச்சத்தை ஒரு நொடியில புரிஞ்சுக்குவாங்க. கையெழுத்தை மட்டும் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. ஒரு வருஷம் அந்தக் கட்டத்துல நெசமாவே ஒண்ணும் இல்லாமப் பாக்கட்டும். காஞ்சொறி பதில் சொல்லும்.

இருமறதா? அது உள்ள சமையல்காரரு, ஜலதோ... ஐயோ. தாப்பாள் போடல போல. பயப்படாதீங்க சார், முட்டாது. பையை மேல தூக்குங்கன்னு அப்பவே சொன்னேனா இல்லையா! விடு, விடு, ஏய், விடுங்கறேன்! போச்சு. கையெழுத்துப் போடற தாளு இருக்கு, ஓரம் மட்டும் நனைஞ்சிருக்கு. வரைபடம்தான்... வடக்குப் பக்கம் வேலி பூராத் தின்னுடுச்சு சார். கெழக்குல பாதி இருக்கு.

ஆமா சார், ஒரு காது வெள்ளைதான். காலையிலதான் உள்ள இருந்து கூட்டிட்டு வந்தேன். இப்பல்லாம் சாக்கு வேணாம், அதுவே நடந்து வந்துரும்.

சமையல்காரரா? அவரு மூணு நாளா லீவு. டீயை ஒரு வாய் வெச்சதும் நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.

ஜீப்புச் சத்தம் கேக்குது, ஓடை வடிஞ்சிடுச்சு. சொன்னது ஞாபகம் இருக்கட்டும், குத்துக்கால் போட்டு உக்காருங்க, புதரைப் பாருங்க. நீங்களாப் பாத்தீங்க, உங்களுக்காத் தோணுச்சு. யார் சொன்னதுன்னு டாக்டரம்மா கேட்டா, இங்க சமையல்காரர்னு ஒருத்தரு, டீ மோசமாப் போடுவாருன்னு சொல்லுங்க, அவருக்கு ஏற்கெனவே அந்தப் பேரு உண்டு. என் பேரு மட்டும் வேணாம்.

அப்புறம், திரும்பிப் போறப்ப காட்டோரமா ஒரு பொம்பளை கையில அரிவாளோட நின்னு காட்டைத் திட்டிக்கிட்டு இருக்கும். எங்க அக்காதான். நின்னு பேசாதீங்க சார். நொண்டிச் சிறுத்தையைப் பாத்தீங்களான்னு கேக்கும். பாத்தேம்மா, நூத்திப் பன்னெண்டு புள்ளின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க.